ஓடிபி வாங்க ஒரு வாடகை எண்

ஒரு செயலியை இறக்கி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து முடித்ததும் கடைசியாக மொபைல் எண்ணைக் கேட்பார்கள். அதைக் கொடுத்தால்தான் ஓடிபி வரும். ஓடிபி வந்தால்தான் கணக்கு திறக்கும். சொந்த எண்ணைக் கொடுக்க மனமில்லாதவர்களை நம்பி இணையத்தில் பெரிய சந்தையே நடக்கிறது. இலவச எண், ஒருமுறை எண், மாத வாடகை எண் என்று எத்தனையோ தளங்கள் கடை விரித்திருக்கின்றன. எந்த நாட்டு எண், எவ்வளவு விலை, எத்தனை நிமிடத்தில் மெசேஜ் வரும் என்று பார்த்துத்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். விளம்பரங்களும் அதையே சொல்லி அழைக்கின்றன. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. இன்று இந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை நான் படித்துவிடுவேன். ஆறு மாதம் கழித்து இதே எண்ணுக்கு வரும் ஓடிபியை யார் படிப்பார்? இதற்குப் பதில் சொல்ல முடியாத சேவை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நமக்கு வேண்டிய கணக்கு எதையும் அதில் கட்டக் கூடாது.

ஓடிபியின் ஆயுள் சில நிமிடங்கள். அந்த எண்ணோ கணக்கு உள்ளவரை அதனுடன் ஒட்டியே இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கைத் தொடங்கும்போது நாம் தருகிற எண்ணைப் பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று வேலைகளுக்குப் பயன்படுத்துகின்றன. எதிரில் இருப்பது மனிதர்தான், ஆயிரம் போலிக் கணக்கு தொடங்கும் நிரல் இல்லை என்று உறுதிசெய்வது முதல் வேலை. புதிய போனில் நுழையும்போது ஆளைச் சரிபார்ப்பது இரண்டாவது. பாஸ்வேர்ட் மறந்துபோனால் கணக்கை மீட்டுத் தருவது மூன்றாவது. வாடகை எண் வாங்குகிறவரின் கவனம் முதல் வேலையோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் ஒருநாள் தேவைப்படும்போது எண் கையில் இருக்காது. நமக்கு ஓடிபி பழக்கமே வங்கி வழியாக வந்தது. கார்டை நேரில் தேய்க்காமல் இணையத்தில் பணம் கட்டும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. அந்தச் சரிபார்ப்பு மெல்ல மெல்ல எஸ்எம்எஸ் ஓடிபியாக நிலைத்து, இன்று கேஸ் சிலிண்டர் டெலிவரி வரை வந்துவிட்டது. நம் ஊரில் மொபைல் எண் ஏறக்குறைய ஓர் அடையாள அட்டை. அதை வாடகைக்கு எடுக்கும்போது எதை வாடகைக்கு எடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சந்தையில் இருப்பவை தோராயமாக மூன்று வகை. முதலாவது, இலவசப் பொது எண்கள். இப்படியான ஒரு தளத்தைத் திறந்தால் நாட்டுக் கொடிகளும் அவற்றுக்குக் கீழே எண்களும் வரிசையாக இருக்கும். ஓர் எண்ணைத் தொட்டால் அதற்கு வந்த மெசேஜ்கள் எல்லாம் விரியும்: எங்கிருந்து வந்தது, என்ன எழுதியிருக்கிறது, எத்தனை நிமிடம் ஆயிற்று. கணக்கு தொடங்க வந்த ஆறு இலக்கக் கோடு, யாரோ ஒருவரின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான இணைப்பு, ஏதோ கடன் செயலியின் நினைவூட்டல், எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக. ‘இந்தக் கோடை யாருடனும் பகிர வேண்டாம்’ என்ற எச்சரிக்கையும் ஒவ்வொன்றோடும் சேர்ந்தே வந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்கும் எவரும் அதைப் படிக்கலாம், லாகின்கூட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட தளங்களுக்கு வந்த மெசேஜ்களை 14 மாதங்கள் சேகரித்து 2016-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4 லட்சம் மெசேஜ்கள், 28 நாடுகளைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்ட எண்கள். மிக அந்தரங்கமான தகவல்களை எல்லாம் பல நிறுவனங்கள் அப்பட்டமாக எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்ததையும், எளிதில் ஊகிக்கக்கூடிய ஓடிபிகளை சில நிறுவனங்கள் பயன்படுத்தியதையும் அவர்கள் கண்டார்கள். இந்த எண்களின் முதன்மைப் பயனே, கணக்கு தொடங்க எண் கட்டாயம் என்ற விதியைத் தாண்டுவதுதான் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

இந்த வகையைப் பற்றி மேலும் பேசுவதற்கு ஒன்றுமில்லை. தெருச் சுவரில் எழுதிப் போட்டாலும் பாதகமில்லை என்கிற கணக்கு இருந்தால் மட்டும் அங்கே போகலாம். அப்படிப் போனாலும், பிரபலமான செயலிகளில் அந்த எண்களை ஏற்கெனவே பலர் பயன்படுத்தி முடித்திருப்பார்கள் அல்லது நிறுவனமே தடை செய்திருக்கும். இலவசத்துக்காகப் போனவர் அரைமணி நேரத்தை இழந்து திரும்புவதே வழக்கம்.

இரண்டாவது வகைதான் விரிவாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் காசு கொடுத்து வாங்குவதால் பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கேதான் பலமாக இருக்கிறது. தளத்தில் சிறு தொகையை முன்பணமாகக் கட்டி, எந்தச் செயலிக்கு, எந்த நாட்டு எண் என்று தேர்ந்தெடுத்தால் ஓர் எண் தருவார்கள். குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குள் அந்தச் செயலியிலிருந்து மெசேஜ் வந்தால் கோடு திரையில் தெரியும். வராவிட்டால் பணம் திரும்ப வரவாகும். அதோடு எண்ணுக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது. எண்ணை விற்கவில்லை, ஒரு மெசேஜை மட்டுமே விற்றிருக்கிறார்கள் என்பதை வாங்குகிறவர் கவனிப்பதில்லை. ஒரே எண்ணை ஒரு செயலிக்காக ஒருவருக்கும், வேறு செயலிக்காக இன்னொருவருக்கும் விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். வாங்கியவர் அன்று மாலை நிம்மதியாக இருப்பார். போனை மாற்றும் நாளில் செயலி மறுபடி ஓடிபி கேட்கும். அப்போது போய் நிற்க இடம் இருக்காது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? பல சிம்களை ஒரே நேரத்தில் செருகி இயக்கும் சிம் பாக்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஒவ்வொரு சிம்மும் நெட்வொர்க்குக்குத் தனித்தனி போன் போலவே தெரியும். வரும் மெசேஜ்களை மென்பொருள் எடுத்துத் தளத்தில் காட்டிவிடும். இந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக நடக்கிறது என்பது 2025 அக்டோபரில் தெரிய வந்தது. ஆஸ்திரியா, எஸ்தோனியா, லாத்வியா நாடுகளின் புலனாய்வாளர்கள் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் துணையுடன் லாத்வியாவில் சோதனை நடத்தி ஏழு பேரைக் கைது செய்தார்கள். கைப்பற்றியவை 1,200 சிம் பாக்ஸ் கருவிகள், அவற்றில் இயங்கிக்கொண்டிருந்த 40,000 சிம்கள், ஐந்து சர்வர்கள். 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் வெவ்வேறு ஆட்களின் பெயரில் பதிவான எண்களை அந்தக் கும்பல் இரண்டு இணையதளங்கள் வழியாக வாடகைக்கு விட்டு வந்தது. அந்த எண்களைக் கொண்டு 4 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் உருவாக்கப்பட்டதாக யூரோபோல் கூறியது. ஆஸ்திரியாவில் மட்டும் 1,700-க்கும் மேற்பட்ட மோசடிகளும் சுமார் 45 லட்சம் யூரோ இழப்பும் இந்தக் கும்பலுடன் தொடர்புபடுத்தப்பட்டன. வெளியிலிருந்து பார்த்தால் அந்தத் தளங்களும் மற்ற தளங்களைப் போலவே விலைப்பட்டியலோடு ஒழுங்காகத்தான் இருந்தன.

இதில் சாதாரண வாடிக்கையாளருக்கு என்ன பாதிப்பு என்று கேட்கலாம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு செயலியில் கணக்கு தொடங்கினார், அவ்வளவுதான். ஆனால் மோசடிக்காரருக்குப் போன அதே சிம் வரிசையிலிருந்துதான் இவருக்கும் எண் வந்திருக்கிறது. எந்த எண் வரிசையிலிருந்து போலிக் கணக்குகள் குவிகின்றன என்று செயலி நிறுவனங்கள் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. கண்டால் அந்த வரிசையோடு தொடர்புள்ள கணக்குகளை மொத்தமாக முடக்குகின்றன. கூகுள் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, எண் சரிபார்த்த கூகுள் கணக்குகள் கள்ளச் சந்தையில் விலைபோவதைப் பின்தொடர்ந்தது. இலவச இணைய எண்களும், இந்தியா, இந்தோனேசியாவிலிருந்து வந்த குறுகிய ஆயுள் எண்களும் பெருமளவில் பயன்பட்டதால் அந்தக் கணக்குகளின் விலை 30 முதல் 40 சதவீதம் வரை சரிந்திருந்தது. அதிகம் முறைகேடு நடந்த நெட்வொர்க்குகள் மீது கூகுள் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகே அந்தச் சரிவு நின்றது. அப்படி ஒரு கட்டுப்பாடு வரும்போது நல்லவர், கெட்டவர் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. முறையிட்டு மீட்கலாம் என்றாலும், பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியைத்தான் மறுபடி கேட்பார்கள்.

மூன்றாவது வகை, ஓர் எண்ணை நமக்கு மட்டும் என்று மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தருவது. இவற்றில் பல இணையம் வழியே இயங்கும் எண்கள். சில உண்மையான சிம்மோடு இணைந்தவை. மூன்றில் ஓரளவு நம்பத்தக்கது இதுதான். ஆனாலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. கொடுத்த எண் சிம் எண்ணா, வீட்டு லைனா, இணைய எண்ணா என்பதை நிறுவனங்களால் நொடியில் கண்டுபிடிக்க முடியும். வங்கிகளும் பல சமூக ஊடகங்களும் இணைய எண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அமெரிக்காவில் வங்கி ஓடிபிகள் பெரும்பாலும் ஐந்தாறு இலக்கக் குறுகிய எண்களிலிருந்தே வரும்; இணைய எண் பலவற்றுக்கு அந்த மெசேஜ் போய்ச் சேர்வதே இல்லை. அடுத்த சிக்கல், சேவையின் ஆயுள். ஸ்கைப் எண் ஒன்றை வாங்கிப் பல ஆண்டுகள் தொழில் எண்ணாகவே வைத்திருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனம் பின்னால் இருக்கும்போது என்ன பயம் என்ற நம்பிக்கை. 2025 பிப்ரவரி கடைசியில் அறிவிப்பு வந்தது. மே 5-ல் ஸ்கைப் மூடப்பட்டது. அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய முடிந்தவர்கள் தப்பித்தார்கள். இத்தனை பெரிய நிறுவனமே இரண்டு மாத அவகாசத்தில் கடையைக் கட்டியது. முகவரியே இல்லாத ஒரு தளம் அவகாசம் தரும் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது?

வாடகை முடிந்து எண் திரும்பிப் போன பிறகு நடப்பது அதைவிட முக்கியம். கைவிடப்பட்ட எண் அழிவதில்லை, அடுத்தவருக்குப் போகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புதிய வாடிக்கையாளருக்குத் தரத் தயாராக இருந்த 259 எண்களை எடுத்துச் சோதித்து 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 171 எண்கள், பிரபலமான தளங்களில் முந்தைய உரிமையாளர் வைத்திருந்த கணக்குகளோடு அப்போதும் இணைந்தே இருந்தன. எண்ணைப் புதிதாக வாங்கும் எவரும் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் அந்தக் கணக்குகளில் பலவற்றுக்குள் நுழைந்துவிடலாம். முறையாகக் கடையில் வாங்கும் எண்களிலேயே இந்த நிலை. இந்தியாவில் ரத்தான எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் தெரிவித்தது. 2023 நவம்பரில் அந்த வழக்கை முடித்துவைத்த நீதிமன்றம், எண்ணைக் கைவிடும் முன் அதிலுள்ள தங்கள் தகவல்களைக் காத்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றது. ரத்தான, மறுபடி ஒதுக்கப்பட்ட எண்களின் பட்டியலை வாரந்தோறும் பார்த்துத் தங்கள் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று வங்கிகளுக்கும் யூபிஐ செயலிகளுக்கும், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025 மார்ச் 31 வரை கெடு வைத்ததும் இதே காரணத்தால்தான். எண்ணை 90 நாள் ஓய்வில் வைத்த பிறகும் இத்தனை கவலை இருக்கிறது. வாடகைத் தளத்திலோ அடுத்த ஆளுக்கு எண் போகச் சில மணி நேரம் போதும்.

வாடகை எண் வேண்டாம் என்பதற்கு எதிராக வரும் வாதங்களில் மிக வலுவானது அந்தரங்கம் பற்றியது. கண்ட இடத்தில் எல்லாம் சொந்த எண்ணைக் கொடுத்தால் விளம்பர அழைப்புகளும் மோசடி மெசேஜ்களும் தொல்லை கொடுக்கின்றன. ஒரு பெண் தன் எண்ணை முன்பின் அறியாதவர் பார்க்கும் செயலியில் போடத் தயங்குவது நியாயம். அந்தத் தயக்கத்துக்குத் தீர்வாகத்தானே வாடகை எண் வந்தது என்று கேட்கிறார்கள். இந்தக் கவலையில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நிறுவனங்கள் நம்பிக்கைக்கு உரியவையாக நடந்துகொள்ளவில்லை என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிய எண்களை 2013 முதல் 2019 வரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022-ல் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஃபேஸ்புக்கிலிருந்து திரட்டப்பட்ட 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள், போன் எண்களுடன், 2021 ஏப்ரலில் இணையத்தில் கொட்டிக்கிடந்தன. கடையில் பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே 2023 மே மாதம் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கவலைக்கு வாடகை எண் மருந்தாகுமா? யார் நடத்துகிறார் என்றே தெரியாத ஒரு தளம், எந்தச் செயலிக்காக எந்த நாளில் எண் வாங்கினோம், என்ன கோடு வந்தது, எந்த வழியில் பணம் கட்டினோம் என்பதை எல்லாம் தன் சர்வரில் வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்திடமிருந்து எண்ணை மறைக்க, அதைவிடக் குறைவான பொறுப்புள்ள இன்னொருவரிடம் கணக்கின் சாவியைக் கொடுப்பதாகத்தான் இது முடிகிறது. மற்றவர் கண்ணில் எண் படக் கூடாது என்பது மட்டுமே நோக்கம் என்றால் நேரான வழிகள் இருக்கின்றன. டெலிகிராமில் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி அமைத்துக்கொள்ளலாம். சிக்னல் 2024 பிப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வசதி தந்து, எண்ணைப் பிறரிடமிருந்து மறைக்க வழி செய்திருக்கிறது. விளம்பரத் தொல்லைதான் கவலை என்றால், இரண்டு சிம் போடும் போனில் வெளியாட்களுக்கென்றே ஓர் எண் வைத்துக்கொள்வது நம் ஊரில் பலரும் ஏற்கெனவே செய்வதுதான். ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. அந்த இரண்டாவது சிம்முக்கு ஆகும் ரீசார்ஜ் செலவு ஒரு வாடகை எண்ணின் மாதச் செலவைவிட அதிகமாக இருந்தாலும், எண் நம் பெயரில் இருக்கிறது.

சொந்த சிம் மட்டும் பாதுகாப்பா என்பது அடுத்த கேள்வி. முழுப் பாதுகாப்பு இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கே அவருடைய எண்ணைக் கைப்பற்றிய சிலரால் அபகரிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கில், பிட்காயின் நிதித் திட்டங்களுக்கு அனுமதி என்ற பொய்ச் செய்தி வந்தது. அதுவும் ஒருவரின் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக் கைப்பற்றும் சிம் ஸ்வாப் வேலைதான். எஸ்எம்எஸ் என்பது ரகசியம் அனுப்புவதற்காக உருவான வழி இல்லை என்பதால் உலகம் மெல்ல அதைவிட்டு நகர்கிறது. சிங்கப்பூர் வங்கிகள், டிஜிட்டல் டோக்கன் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு லாகின் ஓடிபியைக் கைவிடுவதாக 2024 ஜூலையில் அறிவித்தன. ஐக்கிய அரபு அமீரக வங்கிகள் 2025 ஜூலையில் அதே வேலையைத் தொடங்கின. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள் ஓடிபியை ஒழிக்கவில்லை. அதோடு பிற வழிகளையும் பயன்படுத்த வங்கிகளுக்கு இடம் தருகின்றன. சொந்த எண்ணுக்குச் சொல்லப்படும் இந்தக் குறை வாடகை எண்ணுக்குப் பல மடங்கு பொருந்தும். சொந்த சிம் திருட்டுப்போனால் ஆதாரோடு கடைக்குப் போய் அதே எண்ணைத் திரும்ப வாங்கலாம், காவல்துறையில் புகார் கொடுக்கலாம். வாடகை எண்ணுக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

வெளிநாட்டில் வாழும் தமிழர்களுக்கு இந்த விஷயம் வேறு விதமாகக் கழுத்தைப் பிடிக்கிறது. துபாயிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறவருக்கு ஊர் வங்கிக் கணக்கின் ஓடிபி வர இந்திய எண் வேண்டும். ஊர் சிம்மைக் கைவிட்டுவிட்டு, இந்திய வாடகை எண் கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கை அப்படி ஓர் எண்ணில் இணைப்பது எந்த நிலையிலும் செய்யக் கூடாத காரியம். ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் ரத்தாகலாம்; ஆனால் சிம்மின் இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று டிராயின் விதி இருக்கிறது. எண் கைவிட்டுப் போகாமல் இருக்க அது உதவும். மெசேஜ் தடையில்லாமல் வர வேண்டும் என்றால் வேலிடிட்டி உள்ள ரீசார்ஜும், கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கி வைப்பதும் வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே யூபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட 10 நாடுகளுக்கு என்பிசிஐ வழி திறந்தது. வங்கியிடம் கேட்டு, தன் பெயரில் உள்ள வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்வதே நேர்வழி.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவதற்கு 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு தளத்திலிருந்து எண் வாங்குகிறவர் உடனே குற்றவாளி ஆகிவிடுவார் என்று சொல்ல வரவில்லை. அந்த இந்திய எண் யார் ஆதாரில் எடுக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது என்பதே விஷயம். இதற்கு மறுபக்கமும் உண்டு: உங்கள் சிம்மில் வரும் ஓடிபியை அனுப்பினால் காசு தருகிறோம் என்று ஆசை காட்டும் அழைப்புகள். அந்தக் காசு வாங்குகிறவரின் எண்ணில்தான் நாளை ஒரு மோசடிக் கணக்கு நிற்கும். விசாரணை அவர் வீட்டுக்குத்தான் வரும். வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. அரசு எந்தத் திசையில் போகிறது என்பது அதிலிருந்தே புரியும். ஒருமுறை எண்ணில் தொடங்கிய கணக்குகளுக்கு அந்தத் திசையில் இடமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாடகை எண்ணுக்கு நியாயமான தேவை ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஒரு மென்பொருளைச் சோதிக்கும் பொறியாளருக்குப் பத்து நாட்டு எண்கள் வேண்டியிருக்கும். விற்பனைக்கு விளம்பரம் போட்டுவிட்டு ஒரு வாரத்தில் மூடிவிடும் கணக்குக்கு எவரும் சொந்த எண்ணைத் தர வேண்டியதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக அந்த நாட்டு எண் வைத்துக்கொள்ளும் சிறு தொழில்களும் உண்டு. இவர்கள் பணம் கட்டும் முன் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும். எண் தனக்கு மட்டுமா, அல்லது செயலிவாரியாகப் பலருக்கா? வாடகை தவறினால் எத்தனை நாள் காத்திருப்பார்கள், அதன்பின் எப்போது அடுத்தவருக்குத் தருவார்கள்? வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய முடியுமா? நடத்தும் நிறுவனத்தின் பெயரும் நாடும் முகவரியும் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? எண்ணை எந்த நெட்வொர்க்கிலிருந்து பெறுகிறார்கள்? மெசேஜ் தெரியும் அந்தத் தளத்தின் லாகினுக்கே இரண்டாம் பாதுகாப்பு இருக்கிறதா? இவற்றில் பாதிக்குப் பதில் இல்லை என்றால், ‘வெற்றி விகிதம்’ என்று போட்டிருக்கும் சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எண்ணில் தொடங்கும் கணக்கில் பணம், குடும்பப் படங்கள், தொடர்புப் பட்டியல் மூன்றும் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். தற்காலிகம் என்று தொடங்கிய மெயில் கணக்கு இரண்டே ஆண்டில் வேலை விண்ணப்பத்திலும் வருமான வரிப் பதிவிலும் போய் உட்கார்ந்துவிடும்.

ஏற்கெனவே வாடகை எண்ணில் முக்கியமான கணக்கைத் தொடங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். கணக்கு இன்னும் போனில் திறந்திருக்கும்வரை வேலை சுலபம். லாகவுட் செய்யாமல் அமைப்புகளுக்குள் போய் முதலில் எண்ணை மாற்றி, தன் பெயரில் உள்ள சிம்மைப் பதிய வேண்டும். அடுத்து மீட்பு மெயிலைச் சரிபார்க்க வேண்டும். பிறகு வசதி இருக்கும் இடத்தில் எல்லாம், எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே கோடு உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியையோ, கைரேகையால் திறக்கும் பாஸ்கீயையோ இயக்கிக்கொள்ள வேண்டும். அப்போது தரப்படும் மாற்றுக் கோடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது போன் தொலையும் நாளில் கைகொடுக்கும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இரண்டாம் படி என்று ஒரு பின் அல்லது பாஸ்வேர்ட் வைக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துவிட்டால், பழைய எண்ணுக்கு ஓடிபி போனாலும் அது மட்டும் போதாது. கடைசியாக, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். தனக்குத் தெரியாத எண் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால் அது எந்த சிம் பாக்ஸில் செருகியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ‘இது என் எண் இல்லை’ என்று அங்கேயே குறித்து அனுப்பிவிடலாம்.